பின்னால் வருகிறவனைப் பற்றி

ஜூன் 4

அன்புள்ள சகலை,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் போனிலும் உன் வீட்டுக்காரி போனிலும் என் நம்பரை அடைத்து வைத்திருப்பதாக அக்கா-தங்கை செய்திப் பிரிவு சொல்கிறது. நீயும் நானும் பேசாமல் போனாலும் அந்தப் பிரிவுக்கு மட்டும் விடுமுறை கிடையாது; மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் காய்வதற்குள் என் மனைவியும் அவள் தங்கையும் போனைப் பிடித்துவிடுகிறார்கள். ஆகவே கடிதம் எழுதுகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அடுப்புக்குப் போய்விடும் என்பதால் நீ வேலை பார்க்கும் லேபுக்கு அனுப்புகிறேன். ரத்தம் பரிசோதிக்கிற இடம்தானே, என் கொதிப்பு எவ்வளவு என்றும் பார்த்துச் சொல்லட்டும்.

தாடை எப்படி இருக்கிறது? உன் தாடையில் போட்ட தையல் இங்கே ஒவ்வொரு மதியமும் ஒன்று கூடிக்கொண்டே போகிறது. இப்படியே போனால் மாதக் கடைசியில் உன்னை ஒரு தலையணை மாதிரித் தைத்து முடித்துவிடுவார்கள்.

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் தங்கியிருந்தோம். விடியற்காலையில் எனக்குத் தூக்கம் போய்விட்டது (வயது, நீயும் வருவாய் இந்தப் பக்கம்). வெளியே வந்தேன். சுவரோரம் உன் வண்டி. சும்மா முன் பிரேக் லீவரை அமுக்கிப் பார்த்தேன். செத்த பாம்பு மாதிரி மடங்கி ஹேண்டிலோடு ஒட்டிக்கொண்டது. வயர் தொளதொளவென்று தொங்குகிறது. நான் யார்? கூரியர் கம்பெனி மைதானத்தில் பையன்களுக்கு பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவன். உப்பில்லாத சமையலைப் பார்த்துவிட்டு சமையல்காரன் சும்மா போவானா? சீட்டுக்கு அடியிலிருந்த ஸ்பானரை எடுத்தேன், சக்கரத்தோரம் இருக்கிற நட்டை நாலு சுற்று சுற்றினேன். லீவருக்கு உயிர் வந்துவிட்டது. வண்டிமேல் ஏறி உட்கார்ந்து, வண்டியில் இருக்கும் அந்த ஒற்றைக் கண்ணாடியில் மீசையை ஒதுக்கிக்கொண்டேன். ஊருக்கு நல்லது செய்தவன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

பிறகு காபி வந்தது, பேப்பர் வந்தது. உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவ்வளவுதான் என் குற்றம். நீ லேப் வாசலில் மணலில் திரும்பும்போது லீவரை ஏன் அப்படிப் பிடித்தாய் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. முன் பிரேக் இல்லாத வண்டியில் இத்தனை வருஷம் விழாமல் இருந்தாயே, அதுதான் விபத்து. விழுந்தது இயற்கை.

உன் மூத்த சகலை


ஜூன் 15

மதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. லேப் மேடம் மேஜையில் வைத்துப் பிரித்துவிட்டார்கள், ஏதோ நோயாளி அனுப்பிய புகார் என்று நினைத்து. படித்துவிட்டு, "உங்க சகலைக்கு ஒரு பிரஷர் டெஸ்ட் எழுதட்டுமா?" என்று கேட்டார்கள்.

லீவரை ஏன் பிடித்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். என் வேலை வீடுவீடாகப் போய் ரத்தம் எடுப்பது. எடுத்த டியூப்களை ஐஸ் பெட்டியில் வைத்து வண்டியில் கட்டிக்கொண்டு வரவேண்டும். குலுங்கினால் ரத்தத்தில் அணு உடைந்து, மிஷின் அதைத் தள்ளிவிடும். அப்புறம் அதே வீட்டுக்குப் போய், அதே கையை நீட்டச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். முன் பிரேக் பிடித்தால் வண்டி தலையைக் குத்தி நிற்கும், பெட்டி குலுங்கும். அதனால் அதை நானேதான் தளர்த்தி வைத்தேன். பின் பிரேக்கை மட்டும் தூரத்திலிருந்தே மெதுவாக மிதித்து, வழுக்கினாற்போல் நிற்பேன். நான் கொண்டுவரும் ரத்தம் திரும்பி வராது என்று எனக்கு லேபில் ஒரு பெயர் இருந்தது.

செத்த லீவரை இரண்டு விரலால் அமுக்கிக்கொண்டே ஓட்டுவது என் கைப்பழக்கம். சிலர் காலாட்டுகிற மாதிரி. அன்றும் திரும்பும்போது அமுக்கினேன். அது உயிரோடு இருந்தது.

பெட்டியில் இருந்த டியூப்களில் ஒன்று ஒரு கைக்குழந்தையுடையது. நரம்பு கிடைக்காமல் தேடித்தேடி எடுத்தது. இரண்டாவது முறை போனபோது அந்தத் தாய் குழந்தையின் கையைத் தானே நீட்டிப் பிடித்துக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலாம். இன்னொரு முறை விழுந்தால் வேறு ஆள் பார்க்கவேண்டி வரும் என்று மேடமும் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு தொழில்தான்.

முன் பிரேக் வயரை இப்போது கழற்றியே வைத்துவிட்டேன். தாங்கள் இனி எழுதவேண்டாம். என் மனைவி தங்களைப் பற்றிச் சொல்வது: "வேலியில போன ஓணானை வீட்டுக்குள்ள கூப்பிட்டு காபி குடுத்தோம்."

இப்படிக்கு


ஜூன் 24

அன்புள்ள சகலை,

எழுதவேண்டாம் என்று எழுதியிருந்தாய். எழுதியிருந்தாயே, அது போதும் எனக்கு. உன் கடிதத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ஓணான் வந்த இடத்தில் சிரித்துவிட்டு, குழந்தை வந்த இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கைப்பழக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் வயரைக் கழற்றினேன் என்றாயே, அந்த இடத்தில்தான் கடிதத்தை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். மழை வரப்போகிறது. உங்கள் வாட்டர் டேங்க் சரிவு எனக்குத் தெரியும். அதில் நடந்து இறங்கும்போதே எனக்கு முன் பிரேக் தேவைப்பட்டது.

பாடம் ஆரம்பம். கொட்டாவி விடாதே.

நான் தினமும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். பையன்களுக்குத் தெரிந்தால் மானம் போகும்: பிரேக் வாத்தியாருக்கு இடுப்பு வலி, வண்டியில் உட்கார முடியாது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கத்துவதோடு சரி. ஊருக்குத்தான் உபதேசம். அது கிடக்கட்டும். பஸ்காரர் பிரேக் அடித்தால் என்ன ஆகிறது? கடைசி சீட்டில் இருந்தவர்கூட டிரைவர் மடியில் விழப் பார்க்கிறார். யாராவது பின்பக்கம் விழுகிறார்களா? இல்லை. வண்டியும் அப்படித்தான். பிரேக் பிடித்ததும் பாரம் முழுக்க முன்சக்கரத்துக்கு ஓடிவருகிறது. முன்சக்கரம் சாலையைக் கவ்விப் பிடிக்கிறது. பின்சக்கரம் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா மாதிரி, கனமில்லாமல் சும்மா நிற்கிறது. நீ அந்தச் சித்தப்பாவை மட்டும் நம்பி வண்டியை நிறுத்துகிறாய். ஈரத்தில் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் அவர் உருளாமல் இறுகிப்போய் இழுத்துக்கொண்டு ஓடுவார்.

இரண்டையும் சேர்த்துப் பிடி. முதலில் ஆக்சிலேட்டரை முழுசாக விடு. பின் பிரேக்கை லேசாக மிதி. முன் லீவரை, இங்கே கவனி, குத்தாதே. பிழி. ஈரத் துண்டைப் பிழிகிற மாதிரி. முதலில் மெதுவாக, பாரம் முன்னால் வர வர இன்னும் அழுத்தமாக. நிற்கப்போகும்போது கொஞ்சம் தளர்த்து. அப்படிப் பிழிந்தால் பெட்டி குலுங்காது. குலுக்குவது முன் பிரேக் இல்லை, அவசரம்.

நம்பாதே. பெட்டியில் டியூப்புக்குப் பதிலாகத் தண்ணீர் பாட்டிலை மூடி இல்லாமல் வைத்து ஓட்டிப் பார். சிந்தினால் என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு. தபால்தலை என் கணக்கு.

ஓணான்


ஜூலை 16

அண்ணே,

உங்கள் கடிதம் வந்த வாரமே முதல் மழை. வாட்டர் டேங்க் சரிவில் பள்ளிக்கூட வேன் திடீரென்று நின்றது. பின் பிரேக்கை மிதித்தேன். நீங்கள் சொன்ன சித்தப்பா கிளம்பிவிட்டார். வண்டி பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே போய், வேனின் பம்பருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின் கண்ணாடி வழியாக ஒரு சிறுமி என்னைப் பார்த்துக் கைதட்டினாள், வித்தை காட்டுகிறேன் என்று நினைத்து. அப்படியே அடுத்த வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போனேன். அந்த வீட்டுப் பெரியவர், "தம்பி, ஊசி குத்திக்கிறது நானு, நீங்க ஏன் வேர்த்துக் கொட்டறீங்க?" என்றார்.

அன்று சாயங்காலம் வயரைத் திரும்ப மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை மைதானம் காலியாக இருக்கும். பாட்டிலை வைத்துக்கொண்டு போனேன். முதலில் எல்லாம் சிந்தியது. பேண்ட் நனைந்ததைப் பார்த்து உங்கள் கொழுந்தியாள் கேட்ட கேள்வியைக் கடிதத்தில் எழுத முடியாது. அடுத்த ஞாயிறு பாதி சிந்தியது. இந்த ஞாயிறு கடைசி தடவை நிறுத்தியபோது ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. நான் வண்டியைவிட்டு இறங்கி, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். யாரிடமாவது காட்டவேண்டும் போலிருந்தது. ஒரு நாய்தான் இருந்தது.

கைப்பழக்கத்தையும் விட்டுவிட்டேன். தேவைப்பட்டால் ஒழிய விரலை லீவர்மேல் வைப்பதில்லை.

ஒரு சந்தேகம் அண்ணே. மைதானத்தில் என் பின்னால் யாரும் இல்லை. சாலையில் இருக்கிறார்கள். காலையில் சரிவில் இறங்கும்போது ஒரு ரொட்டி வேன் தினமும் என் பின்னாலேயே வரும். அவருக்கும் எனக்கும் ஒரே நேரம், பல வருஷமாக. வாசனையை வைத்தே எவ்வளவு பக்கத்தில் வருகிறார் என்று சொல்லிவிடுவேன். இருக்கிற ஒரு கண்ணாடியும் என் தோள்பட்டையைத்தான் காட்டுகிறது. பின்னால் வருகிறவர்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே?

சகலை


ஜூலை 20

என் தங்கமான சகலை,

உன் கடிதத்தை மைதானத்தில் பையன்கள் எல்லோருக்கும் படித்தேன். தண்ணீர் பாட்டிலுக்குக் கைதட்டினார்கள். பேண்டுக்கு அதைவிடப் பலமாக.

இப்போது வளைவுப் பாடம். அன்று நீ விழுந்தது லீவர் பிடித்ததால் மட்டும் இல்லை, வண்டி சாய்ந்திருக்கும்போது, மணல்மேல் பிடித்ததால். சாய்ந்த வண்டியில் முன் பிரேக்கைக் குத்தினால் சக்கரம் காலடியிலிருந்து பாயை உருவுகிற மாதிரி உருவிக்கொண்டு போகும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடு. நடுவில் நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் வண்டியை நிமிர்த்து, ஹேண்டிலை நேராக்கு, அப்புறம் பிழி. மழையில் இதையெல்லாம் இன்னும் சீக்கிரமாகவும், இன்னும் மென்மையாகவும் ஆரம்பி. நிற்கும்போது கீழே பார்க்காதே. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும்.

பின்னால் வருகிறவனைப் பற்றிக் கேட்டாய். நல்ல கேள்வி. அதுதான் பாதிப் பாடம். அதற்கு முன்னால் ஒரு சேதி, சொல்லாவிட்டால் எனக்கு வாய் புண்ணாகிவிடும்.

எங்கள் மேனேஜர் மீசைக்குச் சாயம் பூசுகிறவர். முதலாளி மைதானத்தைப் பார்க்க வந்தார். மேனேஜர், "நானே செஞ்சு காட்டறேன் சார்" என்று வண்டியை எடுத்தார். என்னிடம் கேட்கவில்லை, நானும் தடுக்கவில்லை, நான் என்ன முட்டாளா? சரியாக அந்த நேரம் பார்த்துத் தூறல். சுண்ணாம்புக் கோட்டில் நிற்கவேண்டியவர் அதைத் தாண்டி, கூம்புகளை எல்லாம் கூட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிவரை போய் நின்றார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் மீசை கரைந்து இரண்டு பக்கமும் கோடாக இறங்கி, அழுத மாதிரி நின்றார். முதலாளி பதறிப்போய், "எதுக்குய்யா அழறீங்க, வண்டிதானே?" என்று முதுகைத் தட்டிக்கொடுக்கிறார்! நான் ஸ்டூலோடு பின்பக்கம் போய்ச் சிரித்தேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது. இதை உன் மனைவிக்குக் கட்டாயம் சொல். என் பெயரைச் சொல்லாமல் சொல்.

பார், பஸ் வந்துவிட்டது. தாளும் முடிந்துவிட்டது. பின்னால் வருகிறவனைப் பற்றி அடுத்த கடிதத்தில் விரிவாக.

ஓணான்


ஆகஸ்ட் 2

அண்ணே,

மீசைக் கதையைச் சொன்னேன். பெயரைச் சொல்லாமல்தான் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "இப்படி வயித்தெரிச்சலோட ரசிக்கிற ஆளு நம்ம குடும்பத்துல ஒருத்தர்தான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது: "வந்தா காபி தரேன்னு சொல்லு. ஸ்பானரை மட்டும் எங்க கண்ணுல காட்டக்கூடாது." நம்பரையும் திறந்துவிடுவாள் போலிருக்கிறது. ஆனால் கடிதத்தை நிறுத்தவேண்டாம். எனக்கு இதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை.

போன மாதம் என் டியூப் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மேடம், "வண்டி மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்கள். "சகலையை மாத்திக்கிட்டேன் மேடம்" என்றேன். அந்தக் கைக்குழந்தை வீட்டிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். அந்தத் தாய் என்னையே அனுப்பச் சொன்னாராம். ஒரே குத்தலில் கிடைத்தது. குழந்தை அழக்கூட இல்லை.

நீங்கள் சொன்ன அடுத்த கடிதம் இன்னும் வரவில்லை. அவசரம் இல்லை.

சகலை


செப்டம்பர் 11

அண்ணே,

இது இடது கை. எழுத்து கோணலாக இருக்கும்.

அக்கா மூலம் உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரிக்கு நீங்கள் வந்து வாசலோடு திரும்பிப் போனதாகவும் கேள்விப்பட்டேன். வாசலில் என் வீட்டுக்காரி அப்படிப் பேசியிருக்கக்கூடாது.

நானே சொன்னால்தான் சரியாக இருக்கும் என்று எழுதுகிறேன். காலை, சரிவு. சந்திலிருந்து ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது, மெத்தை அடுக்கிய வண்டி. ஆக்சிலேட்டரை விட்டேன். பின்னால் லேசாக மிதித்து, முன்னால் பிழிந்தேன். நேராக, குறைந்த தூரத்தில், ஒரு குலுக்கல் இல்லாமல் நின்றேன் அண்ணே. மைதானத்தில்கூட அப்படி நின்றதில்லை. பெட்டியில் சத்தமே இல்லை. இதை உங்களுக்கு எழுதவேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே ரொட்டி வாசனை வந்தது.

அந்த வேன்காரர் ஆஸ்பத்திரி வரைக்கும் அழுதுகொண்டே வந்தார். "நீங்க எப்பவும் மெதுவாத்தானேண்ணே நிப்பீங்க. இவ்வளவு சட்டுனு நிப்பீங்கன்னு நினைக்கலையேண்ணே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. இத்தனை வருஷமாக நான்தான் அவரை அப்படிப் பழக்கியிருந்தேன்.

உங்கள் கொழுந்தியாள் முதல் நாள் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "நிறுத்தாம விட்டிருந்தா மெத்தையிலதானே விழுந்திருப்பீங்க."

வலது மணிக்கட்டு கூடிவிட்டது என்கிறார்கள். விரல் மூன்றில் தொட்டால் தெரியவில்லை. அந்த நரம்பு திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசியை இடது கையால் பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று மேடம் சொல்லிப் பார்த்தார்கள். ஊசி பிடிப்பது பெரிய விஷயம் இல்லை அண்ணே. தோலுக்கு அடியில் ரத்தம் எங்கே ஓடுகிறது என்று என் வலது கை விரல் நுனிக்குத்தான் தெரியும். லேபுக்கு வேறு ஒரு பெண் வந்துவிட்டாள். ஸ்கூட்டரில் போகிறாள்.

எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கவேண்டும். பின்னால் வருகிறவனைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தீர்களே, அந்தக் கடிதம் தபாலில் தவறிப் போய்விட்டதா?

சகலை


செப்டம்பர் 19

சகலை,

தபாலில் தவறவில்லை. நான் எழுதவில்லை.

தபால்காரர்மேல் போட்டுவிடலாம் என்று நீயே எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறாய். இரண்டு நாள் அந்தக் கதவுப் பக்கம் போய்ப் போய் வந்தேன். அடுத்த கடிதத்துக்கு இன்னும் நல்லதாக ஒரு வம்பு கிடைக்கட்டும், அதோடு சேர்த்து எழுதலாம் என்று காத்திருந்தேன். வெறும் பாடத்தை யார் படிப்பார்கள் என்று நினைத்தேன்.

உன் வீட்டு வாசலுக்கு நான் இனி வரமாட்டேன். அவள் பேசியது சரி. என் மனைவியும் மதியத்தில் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் எடுப்பதில்லை. பாத்திரம் காய்ந்துபோய் அப்படியே கிடக்கிறது.

நீ இனி வண்டி ஓட்டப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் தருகிறேன் என்று சொன்ன பாடத்தைத் தந்துவிடுகிறேன்.

பிரேக் பிடிப்பதற்கு முன்னால் கண் ஒரு தடவை கண்ணாடிக்குப் போய் வரவேண்டும். தினமும் ஒட்டிக்கொண்டு வருகிறவன் இருந்தால், ஓரமாக ஒதுங்கி அவனை முன்னால் விட்டுவிட வேண்டும். முடியாவிட்டால், நிறுத்தப்போகிறேன் என்று முன்கூட்டியே இரண்டு மூன்று முறை பிரேக்கை லேசாகத் தொட்டு, பின்விளக்கை அவனுக்கு மினுக்கிக் காட்டவேண்டும். நீ நிறுத்துகிற விதத்தை மாற்றினால், அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவன் அவன்தான். சட்டென்று நிற்கும்போது நடுச்சாலையில் நிற்காமல், ஓரமாக, முன்னால் போக ஒரு சந்து விட்டு நிற்கவேண்டும். நின்றதும் முதல் கியரைப் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி மறுபடி கண்ணாடியைப் பார்க்கவேண்டும். பின்னால் வருகிறவன் நிற்கவில்லை என்றால் கிளட்சை விட்டு அந்தச் சந்தில் புகுந்துவிட வேண்டும். நின்றுவிட்டோம் என்று சந்தோஷப்பட அதற்கப்புறம் நேரம் இருக்கும்.

இவ்வளவுதான் பாடம். அரைப் பக்கம்கூட வரவில்லை.

கண்ணாடியில் தோள்பட்டை தெரியக்கூடாது, சகலை. சாலை தெரியவேண்டும். அதற்கும் ஒரு நட்டுதான், அதே ஸ்பானர்தான், அரைச் சுற்று போதும். அன்று விடியற்காலையில் ஸ்பானர் என் கையில் இருந்தது. கண்ணாடியும் என் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. நான் அதில் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.